தீனதயாளன் போட்ட இரண்டு ஓட்டைகள்

தண்ணீர் வந்த விநாடியில் தீனதயாளன் செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றி வீசியதுதான்.

அதுவரை போர்வெல் லாரி வெள்ளைத் தூசியைத்தான் கக்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வாயில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு நின்றதில் அவருடைய தலை, புருவம், மீசை எல்லாம் மாவு மில்லில் வேலை பார்க்கிறவரைப் போல வெளுத்திருந்தது. கல், கல்லுக்குக் கீழே கல், அதற்கும் கீழே கல். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் திருச்செங்கோட்டு லாரிக்காரர்கள் தீனதயாளன் முகத்தைப் பார்த்தார்கள். தீனதயாளன், நீரோட்டம் பார்த்துச் சொன்ன சடையன் முகத்தைப் பார்த்தார். சடையன் யார் முகத்தையும் பார்க்காமல் மேற்கே கல்வராயன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி மாடு கட்டியிருந்த பாப்பாத்தி மட்டும் முந்தானையைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்டு, அத்தனை இரைச்சலிலும் வேப்ப நிழலில் படுத்துத் தூங்கினாள். அவளுடைய மாடு அசை போட்டபடி லாரியை ஒரு சினிமா மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தது.

திடீரென்று சத்தம் மாறியது. கரகரப்பு போய் ஒரு கொழகொழப்பு வந்தது. தூசி ஈரமானது. ஈரம் சேறானது. சேறு பீறிட்டு லாரியின் உயரத்தையும் தாண்டிப் போய், வெயிலில் குடையாக விரிந்து, செருப்பில்லாமல் குதித்துக்கொண்டிருந்த தீனதயாளன் தலையில் விழுந்தது. சட்டை, பனியன், பாக்கெட்டில் இருந்த செல்போன் எதுவும் தப்பவில்லை. சடையன் அப்போதுதான் மலையிலிருந்து கண்ணை எடுத்தார். "நான் சொல்லல?" என்று பொதுவாகக் காற்றைக் கேட்டார்.

வடக்கனந்தல் சாலையில் அந்த இடத்துக்கு மலைச்சாரல் நகர் என்று பெயர். சாலையோரம் பெரிய சிமெண்டு வளைவு, வளைவில் இரண்டு யானைகள், யானைகளுக்குப் பின்னால் ஒரு வீடும் இல்லை. நேற்று வரைக்கும் மரவள்ளி விளைந்த மண். இனி இங்கே ஒரு வீடு வரும், அந்த வீட்டுக்குச் சுற்றிலும் நாலு பக்கமும் காற்று வரும், ஒரு சுவரும் இன்னொருத்தன் சுவரை ஒட்டியிருக்காது என்று தீனதயாளன் நினைத்துக்கொண்டார். கண்ணில் வழிந்த சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். யானை வளைவுக்குள் ஒரு மொபெட் நுழைந்து, மண் பாதையில் ஆடி ஆடி வந்து, லாரிக்குப் பக்கத்தில் நின்றது.

ஓட்டி வந்தவரைப் பார்த்ததும் தீனதயாளனின் குதிப்பு அந்தரத்திலேயே நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியண்ணன். எந்த மனிதரின் சுவர் வேண்டாம் என்று ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தாரோ, அதே மனிதர்.

இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாததால் யார் முதலில் வாயைத் திறப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வயதில் மூத்த பெரியண்ணன்தான் ஆரம்பித்தார்.

"இங்க இன்னா பண்ற?"

"போர் போடறேன். பாத்தா தெரியல?"

"அது தெரியுது. என் மனையில ஏன் போடற?"

தண்ணீர் மட்டும் இதையெல்லாம் காதில் வாங்காமல் பொங்கிக்கொண்டிருந்தது.

நடந்த தவறு இதுதான். காலையில் சடையன் குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அதற்காக மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேங்காயைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தது. தீனதயாளன் மனையில் தேங்காய் புரண்டுகூடப் படுக்கவில்லை. அப்புறம் லேசாக ஆடியது. அப்புறம் குடுமியைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குள் அவர் மனையைத் தாண்டி அடுத்த மனைக்குள் வந்துவிட்டோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு நடுவில் எல்லைக் கல் இருந்திருக்க வேண்டும். அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

தீனதயாளன் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கள்ளக்குறிச்சி மாவட்டமான நாளிலிருந்து, பட்டாவும் வரைபடமுமாக ஊரில் உள்ள அத்தனை பேருடைய எல்லைகளும் அவருடைய மெஷின் கண்ணாடி மேல் படுத்து எழுந்து போகின்றன. அப்படிப்பட்டவர் இப்போது சடையன் மேல் பாய்ந்தார். சடையன் அசரவில்லை.

"நான் தேங்கா பின்னாடி போனேன். நீங்க என் பின்னாடி வந்தீங்க. கல்லப் பாத்துக்கினு வரவேண்டியது யாரு வேல?"

லாரிக்காரர்கள், தங்களுக்குத் தண்ணீர் வந்தால் போதும், அது யார் தண்ணீர் என்பது உள்ளூர் விவகாரம் என்று சொல்லி ராடுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பெரியண்ணன் கத்துவார் என்று தீனதயாளன் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். பெரியண்ணன் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு கொப்பளித்து, விழுங்கினார்.

"மூடிய போட்டுட்டுப் போ. ஞாயித்துக்கிழம அளந்து பாக்கலாம். நான் யோசிச்சி சொல்றேன்" என்றார். மொபெட் ஆடி ஆடித் திரும்பிப் போனது.

தீனதயாளன் போன் பண்ண வேண்டிய ஆள் ஒருவர் பாக்கி இருந்தார். மனை புரோக்கர் அரங்கநாதன். பஸ் ஸ்டாண்டிலிருந்து இலவச வேனில் ஏற்றிக்கொண்டு போய், மனையைக் காட்டி, மத்தியானம் பிரியாணி போட்டு அனுப்புகிறவர். சேற்றைத் துடைத்ததும் செல்போன் நல்ல வேளையாக உயிரோடு இருந்தது. அந்த வேனில் ஏறிய அன்றைக்கு, பக்கத்து வீட்டு ஆள் இந்தப் பக்கம் மனை கினை வாங்கமாட்டாரே என்று தீனதயாளன் இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டதை ஞாபகப்படுத்தினார். அரங்கநாதன் கொஞ்சமும் தயங்காமல், அடுத்த வாரம் பெரியண்ணனும் இதே கேள்வியைத்தான் கேட்டார், அவருக்கும் இதே வாக்குறுதியைத்தான் கொடுத்தேன், இரண்டு பேரும் வாங்கிவிட்ட பிறகு யாரிடம் போய் மாற்றிச் சொல்வது என்றார். மலை தெரிகிற மாதிரி மனை வேண்டும் என்று இருவருமே கேட்டார்களாம். மலை தெரிகிற வரிசையில் மிச்சமிருந்ததே அந்த இரண்டுதானாம்.

தீனதயாளன் ஸ்கூட்டரை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போனபோது சேறு காய்ந்து உடம்பெல்லாம் பொரிந்தது. அவருடைய மனசும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தது. அடுத்தவர் மனையில் இருக்கிற போரைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது. தன் மனையில் போட்டாலோ தண்ணீர் வராது என்று தேங்காயே சொல்லிவிட்டது. தண்ணீர் இல்லாமல் வீடு இல்லை. பெரியண்ணன் யோசித்து என்ன சொல்லப் போகிறார் என்பதில்தான் இனிமேல் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊர் இரண்டு பக்கமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வயலைத் தின்று வெளியே போனது. நடுவில் இடமில்லாமல் மேலே போனது. நேற்று வரை ஓடு போட்டிருந்த வீடு இன்றைக்கு மூன்று மாடி. அந்த மூன்று மாடிக்கும் நடுவே, கடைத்தெருவுக்குப் பின்னால், செக்குமேட்டுச் சந்து. அங்கே சைக்கிள் வந்தால் ஆள் ஒதுங்க வேண்டும், பைக் வந்தால் சைக்கிள் ஒதுங்க வேண்டும், சிலிண்டர் வண்டி வந்தால் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய்விட வேண்டும். வீடுகளுக்கு நடுவே இடைவெளி என்று ஒன்று கிடையாது. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். தீனதயாளன் வீட்டுக் குக்கர் விசிலைக் கேட்டுவிட்டுப் பெரியம்மாள் தன் அடுப்பை அணைத்த நாட்களெல்லாம் உண்டு.

பெரியம்மாள், பெரியண்ணனின் மனைவி. இருவரும் கல்யாணமான புதிதில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். சாமை, தினை, புளி, கடுக்காய், தேன் என்று மலைச் சரக்குகளை வாங்கி விற்கிற கடை அவர்களுக்கு. கடை சிறிசு, சரக்கு பெரிசு. அதனால் வீட்டில் ஆட்களுக்கு மிச்சமாகிற இடத்தைவிட மூட்டைகளுக்கு ஜாஸ்தி இடம். ஒரு காலத்தில் தீனதயாளனும் பெரியண்ணனும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு வீட்டையும் சேர்த்து மாடி எடுத்தால் எப்படி இருக்கும் என்று பேசியிருக்கிறார்கள். தனித்தனியாகக் கட்ட முடியாது. அந்த அகலத்தில் படிக்கட்டு வைத்தால் ஒரு அறையே போய்விடும். ஒரே படிக்கட்டில் இருவரும் ஏறிக்கொண்டால் ஆளுக்கு இரண்டு மாடி கிடைக்கும். பேச்சு அந்த அளவுக்குப் போயிருந்தது.

அப்போதுதான் தீனதயாளன் புது டிவி வாங்கினார். சுவரில் மாட்டுவதற்காகத் தானே டிரில் மெஷினை எடுத்தார். பழைய காலத்துச் சுவர், மண்ணும் சுண்ணாம்பும். அழுத்திய வேகத்தில் டிரில் இந்தப் பக்கத்தில் நுழைந்து அந்தப் பக்கத்தில் வெளியே வந்தது. அந்தப் பக்கத்தில் கரியராமர் கோயில் திருவிழாவில் எடுத்த குடும்பப் போட்டோ மாட்டியிருந்தது. கம்பி சரியாகப் பெரியண்ணனின் நெற்றியில் வந்து எட்டிப் பார்த்தது. விபத்து என்று தீனதயாளன் சொன்னார். படத்தில் நாலு பேர் இருக்கும்போது என் நெற்றியை மட்டும் எப்படிக் குறி பார்த்தது என்று பெரியண்ணன் கேட்டார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். பேரைச் சொன்னாலே அண்ணன் என்று கூப்பிட்டதாக ஆகிவிடும் என்பதால், தீனதயாளன் இரண்டு வருஷமாக அவர் பேரையே உச்சரிக்கவில்லை.

கடைத்தெருவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சேற்றுச் சிலையாகச் சந்துக்குள் நடந்து வந்த தீனதயாளனை வழியில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் மனைவி செந்தமிழ்ச்செல்வி, தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் சுபஸ்ரீ கட்டிலில் புத்தகத்தைப் பரப்பியிருந்தாள். தீனதயாளன் வாயைத் திறப்பதற்கு முன்னால் செல்வி தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள்.

"தண்ணி நல்லா இனிப்பா இருக்குதாமே?"

"உனக்கு யாரு சொன்னது?"

செல்வி தலையை நிமிர்த்தினாள். டிவியைப் பார்த்தாள். டிவி அணைந்திருந்தது. அணைந்திருந்த டிவியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"செல்வி, அண்ணன் வந்துடுச்சா? குளிக்கச் சொல்லு, சேறு காஞ்சா அரிக்கும்."

தீனதயாளன் நின்ற இடத்தில் நின்றார். பிறகு மெதுவாகப் போய், டிவியின் ஓரத்தைப் பிடித்து, சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தார். அந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டதாகத்தான் செல்வி சொல்லியிருந்தாள். அடைக்கவும்தான் செய்திருந்தாள், ஜாக்கெட் துணி மிச்சத்தை உருட்டி, வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது செருகுகிற மாதிரி. இப்போது துணி வெளியே இருந்தது. ஓட்டை வழியாக அடுத்த வீட்டு வெளிச்சம் ஒரு புள்ளியாக அவர் சேற்றுச் சட்டை மேல் விழுந்தது.

"எத்தன நாளா நடக்குது இது?"

"உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்பா தெரியாது" என்றாள் சுபஸ்ரீ, புத்தகத்தைப் பார்த்தபடியே.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு வீட்டிலும் விசாரணை முடிந்திருந்தது. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுச் செல்வி சொன்னதிலிருந்து தீனதயாளனுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பேச்சு நின்றது ஆண்களுக்குத்தான். பெண்கள் அதற்கப்புறம் முன்னைவிட ஜாஸ்தியாகப் பேசியிருக்கிறார்கள். வாசலில் பார்த்துக்கொண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே வந்ததும் பெரியம்மாள் போட்டோவை நகர்த்த, செல்வி துணியை உருவ, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார்கள். மனை வாங்கின கதையும் அந்த ஓட்டை வழியாக எப்போதோ போய், அந்தப் பக்கத்துக் கதையும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து மனை என்று தெரிந்த அன்றைக்கு இருவரும் சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று தீனதயாளன் கேட்டார். சொல்லியிருந்தால் வேறு எங்கேயாவது, உளுந்தூர்பேட்டை பக்கம் இன்னும் தூரமாகப் போய் வாங்கியிருப்பீர்கள் என்றாள் செல்வி. அப்புறம் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருவது அபூர்வம்.

"நீங்க காலையில கடைக்குக் கிளம்பிடுவீங்க. இவ ஸ்கூலுக்குப் போயிடுவா. எங்கிட்ட துணி குடுக்கறவங்க அத்தன பேரும் இந்தச் சந்துல இருக்காங்க. அங்க நான் யார்கிட்ட பேசறது? மலகிட்டயா?"

"மல பதில் சொல்லாது செல்வி" என்றது டிவி. "நான் சின்ன வயசுலயே கேட்டுப் பாத்துட்டேன்."

தீனதயாளனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று சோற்றை வாய் நிறைய அடைத்துக்கொண்டார்.

பெண்களிடம் ஒரு திட்டம் இருந்தது. மனையை விற்க வேண்டாம். அங்கே பெரியண்ணனுக்கு மூட்டை போட ஒரு ஷெட், பெரியம்மாளுக்குக் கோழியும் கீரையும், செல்விக்கு முருங்கையும் மல்லிச் செடியும். இங்கே வீட்டில், பழைய பேச்சுப்படி ஒரே படிக்கட்டு, ஆளுக்கு இரண்டு மாடி. மூட்டைகள் வெளியே போனால் ஆட்களுக்கு உள்ளே இடம் வரும். கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தீனதயாளனுக்கு அந்தப் படிக்கட்டில்தான் கால் இடறியது. காலையில் பால் வாங்க இறங்கும்போதும் எதிரே அந்த முகம், சாயங்காலம் ஏறும்போதும் எதிரே அந்த முகம். அதோடு, இந்த வீட்டை வாங்கிக் குடோன் ஆக்கிக்கொள்ளக் கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். விற்றால்தான் மலைச்சாரல் நகரில் அவர் நினைத்த வீடு எழும்பும். நாலு பக்கமும் காற்று வருகிற வீடு. இத்தனை வருஷம் ஜெராக்ஸ் மெஷினின் சூட்டிலேயே வெந்தவருக்கு அந்தக் காற்று ஒன்றுதான் ஆசை. முடியாது என்று சொல்லிவிட்டுத் துணி உருண்டையை எடுத்து ஓட்டையில் செருகினார். வெளிச்சப் புள்ளி அணைந்தது. அன்றைக்கு ராத்திரி பூராவும் அடுத்த வீட்டில் பெரியண்ணன் இருமுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது சாதாரண இருமலா, யோசிக்கிற இருமலா என்று தீனதயாளன் உன்னிப்பாகக் கேட்டுப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு யானை வளைவுக்குள் நுழைந்தபோதே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. தீனதயாளன் ஸ்கூட்டரை நடுவழியிலேயே நிறுத்தினார். அவர் போட்ட போரில் பெரியண்ணன் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தார். யோசித்து முடித்துவிட்டார் போல. பெரியம்மாள் வேப்ப நிழலில் ஒரு தூக்குவாளியோடு நின்றாள். அரங்கநாதன் டேப்பும் கையுமாக, தன் வாக்குறுதிகளைப் பற்றி யாரும் கேட்டுவிடாதபடிக்கு அவசரமாக அளந்துகொண்டிருந்தார்.

அளவு முடிந்தது. சந்தேகமில்லாமல் போர் பெரியண்ணன் மனையில்தான் இருந்தது. எல்லையில் நின்று கையை நன்றாக நீட்டினால் குழாயைத் தொட்டுவிடலாம். ஆனாலும் அந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான். அரங்கநாதன் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். தீனதயாளன் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு மண்மேட்டில் உட்கார்ந்தார். மோட்டார் ஓட ஆரம்பித்தது. குழாயின் வாயிலிருந்து, மூன்று நாள் முன்பு சேறாக இருந்தது, இப்போது கண்ணாடியாக விழுந்தது.

பெண்கள் இருவரும் நடுவில் சுவர் இல்லாமல் சந்தித்து வெகு நாளாகிவிட்டது. எதிரெதிரே நின்று பேசுகிற பழக்கம் விட்டுப்போனதாலோ என்னவோ, பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, மலையைப் பார்த்தபடி பேசினார்கள். அப்படிப் பேசினால்தான் அவர்களுக்குப் பேச வந்தது.

பெரியண்ணன் கையைக் கழுவிக்கொண்டு கோடு வரைக்கும் வந்தார். கோட்டைத் தாண்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். தீனதயாளன் எழுந்து நின்றார்.

"தண்ணிய நீ எடுத்துக்கோ" என்றார் பெரியண்ணன். "பைப்பு உன் மனைக்கும் போவட்டும். கரண்டு பில்லு பாதிப் பாதி. ஆனா ஒண்ணு. சந்துல மாடிப்படி உன் பக்கம் வரணும்."

தீனதயாளன் இதை எதிர்பார்க்கவில்லை. தண்ணீருக்குப் படிக்கட்டு. மனசுக்குள் இரண்டையும் ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த கண்ணி தெரிந்தது.

"படி என் பக்கம் வந்துட்டா, அந்த வூட்ட நான் எப்படி விக்கறது?"

"அதான் கேக்கறேன்" என்றார் பெரியண்ணன்.

சொல்லிவிட்டு அவர் மோட்டாரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நெற்றியில் ஓட்டை போட்ட மனிதனை, பக்கத்து வீட்டிலேயே இரு என்று இதைவிட நேராகக் கேட்க அவருக்கு வரவில்லை. தீனதயாளன் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார். அவர் ஆசைப்பட்ட காற்று நாலு பக்கமும் வீசிக்கொண்டுதான் இருந்தது. வேட்டியைப் படபடவென்று அடித்தது. செக்குமேட்டுச் சந்தில் இந்நேரம் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும் என்று அவருக்கு ஏன் இப்போது தோன்றியது என்று தெரியவில்லை.

அரங்கநாதன், முதலில் எல்லைக் கல்லை நட்டுவிடலாம், இல்லாவிட்டால் நாளைக்கு மறுபடியும் தேங்காய் ஊர் சுற்றும் என்றார். கல் எங்கே என்று எல்லோரும் தேடினார்கள். மஞ்சள் பெயிண்டு அடித்த அந்தக் கல், பாப்பாத்தியின் மாட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அதன் கழுத்தில் கயிறு. கயிற்றின் மறு முனையில் மாடு.

பெரியண்ணன் மொபெட்டில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து வந்து தீனதயாளனிடம் நீட்டினார்.

"ஓட்ட போடறது உனக்குத்தான் கைவந்த வேல. நீயே போடு."

வேப்ப நிழலில் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இந்தத் தடவை தீனதயாளனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயை அடைக்கச் சோறும் இல்லை. கடப்பாரையை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே குத்த ஆரம்பித்தார். அவர் வாழ்க்கையில் சரியான இடத்தில் போட்ட முதல் குழி. மண் இளகியிருந்தது. பெரியண்ணன் குனிந்து, கையால் மண்ணை அள்ளி வெளியே போட்டார். இருவருடைய தலைகளும் இரண்டு தடவை முட்டிக்கொண்டன.

கல்லை எடுக்கப் போனபோது பாப்பாத்தி எழுந்து உட்கார்ந்தாள். இந்த மண்ணில் மரவள்ளி இருந்த காலத்திலிருந்து அவள் இங்கே மாடு மேய்க்கிறவள். கல் லூசாக ஆடிக்கொண்டிருந்தது, அதனால் பிடுங்கிக்கொண்டேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்ல தூக்கிக்கினு போயிட்டா, நான் மாட்ட எதுல கட்டறது?"

தீனதயாளன் பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் கல்லைப் பார்த்தார். அரங்கநாதன் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று காத்திருந்தார். குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் இதற்குள் தனக்கென்று ஒரு வழி பண்ணிக்கொண்டு, சரிவில் நெளிந்து இறங்கி, சுண்ணாம்புக் கோட்டைக் கரைத்துக்கொண்டு, புதிதாகத் தோண்டிய குழிக்குள் விழுந்து அதை நிரப்ப ஆரம்பித்திருந்தது.

"யோசிச்சி சொல்றேண்ணே" என்றார் தீனதயாளன்.

எதற்குச் சொன்னார், கல்லுக்கா, படிக்கட்டுக்கா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணே என்றது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது. பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெரியம்மாள் தூக்குவாளியைத் திறந்து டீ ஊற்ற ஆரம்பித்தாள்.

தண்ணீர் வாசனை மாட்டுக்கு எட்டிவிட்டது. அது எழுந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, எல்லைக் கல்லைக் கயிறோடு தரையில் இழுத்துக்கொண்டே நிதானமாக நடந்து வந்தது. குழியின் விளிம்பில் நின்றது. தலை தீனதயாளன் மனையிலும் வால் பெரியண்ணன் மனையிலுமாக, கண்ணை மூடிக்கொண்டு, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது.